அப்பாவின் மார்ஃபினும் அம்மாவின் டிரமடாலும்

உங்கள் கேள்வியை ஒருமுறை திருப்பிச் சொல்லிக்கொள்கிறேன். அப்பாவுக்கு 72 வயது. புராஸ்டேட் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவிவிட்டது. படுத்தால் வலி என்று ராத்திரி முழுக்க நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறார். டாக்டர் மார்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்துப் பத்து நாளாகிறது. அட்டை இன்னும் பிரிக்காமல் அலமாரியில் கிடக்கிறது. அடிமையாகிவிடுவாரோ, மூச்சு நின்றுவிடுமோ, கடைசிக் கட்டம் என்பதைச் சொல்லாமல் சொல்கிறார்களோ என்று பயம். இதையெல்லாம் எழுதிவிட்டு, போகிற போக்கில் ஒரு வரி: அம்மா மூட்டுவலிக்கு இரண்டு வருடமாக டிரமடால் போடுகிறார், தெருமுனை மெடிக்கலில் சீட்டு இல்லாமலே கொடுத்துவிடுகிறார்கள், அது ஒன்றும் பிரச்சினையில்லையே?

வலி சிகிச்சைப் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்க்கிறேன். எனக்குத் தெரிந்து, உங்கள் வீட்டில் பயம் ஆள் மாறி உட்கார்ந்திருக்கிறது. அப்பாவின் மாத்திரையைப் பார்த்துத் தேவைக்கு மேல் பயப்படுகிறீர்கள். அம்மாவின் மாத்திரையைப் பார்த்துத் துளியும் பயப்படவில்லை. இரண்டும் ஒரே குடும்பத்து மருந்துகள். ஒன்றைக் கொடுங்கள் என்றும் மற்றதைக் குறையுங்கள் என்றும் ஏன் சொல்கிறேன் என்பது புரிய, உடம்புக்குள் அவை என்ன செய்கின்றன என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

குருமாவில் தேங்காயோடு அரைத்து ஊற்றுகிறோமே கசகசா, அந்தச் செடிதான் மூலம். அதன் பச்சைக் காயைக் கீறினால் பால் வடியும். அது உறைந்தால் அபின். (விதையில் போதை அநேகமாகக் கிடையாது. ஆனாலும் துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போகிறவர்கள் பெட்டியில் கசகசா வைக்காதீர்கள், அங்கே அது தடை.) 1800-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் செர்ட்யூர்னர் என்ற இளம் மருந்தாளர் அபினிலிருந்து அதன் சாரத்தைப் பிரித்தெடுத்து, கிரேக்கர்களின் கனவுத் தெய்வமான மார்ஃபியஸின் பெயரை வைத்தார். அதற்குப் பிறகு நூற்றைம்பது வருடத்துக்கும் மேலாக உலகம் அதைப் போட்டுக்கொண்டே இருந்தது. எப்படி வேலை செய்கிறது என்பது மட்டும் பிடிபடவில்லை. 1973-இல்தான் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கேண்டஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும் மூளையில் அபினுக்கென்றே ஏற்பிகள் (நரம்பணுவின் மேல் மருந்து வந்து உட்காரும் இடங்கள்) இருப்பதைக் காட்டினார்கள். உடனே எழுந்த கேள்வி வேடிக்கையானது: எங்கோ விளையும் ஒரு செடியின் பாலுக்கா நம் மூளையில் பூட்டு மாட்டி வைத்திருக்கிறது? 1975-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஹியூஸும் கோஸ்டர்லிட்ஸும் பதிலைக் கண்டுபிடித்தார்கள். உடம்பே தனக்கு வேண்டிய மார்ஃபினைச் சுரந்துகொள்கிறது. அதற்கு என்கெஃபலின் என்று பெயரிட்டார்கள். இன்று எல்லோரும் பேசுகிற எண்டார்ஃபின் அதன் பங்காளி.

1978-இல் வந்த ஓர் ஆய்வை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஞானப்பல் பிடுங்கியவர்களுக்கு மருந்தே இல்லாத வெற்று ஊசி போட்டார்கள். சிலருக்கு வலி குறைந்தது. பிறகு அபின் ஏற்பியை அடைத்துவிடும் நலாக்சோனைக் கொடுத்ததும் அந்தச் சுகம் கலைந்துவிட்டது. அதாவது நம்பிக்கையால் வந்த நிவாரணமும் உடம்பின் சொந்த மார்ஃபின் வழியாகத்தான் வந்திருக்கிறது. "டாக்டர் கை வச்சதுமே பாதி வலி போச்சு" என்று சொல்லும் பாட்டிகளைப் பார்த்து நான் சிரிப்பதில்லை.

சரி, ஏற்பியில் உட்கார்ந்து என்ன செய்கிறது? அப்பாவின் முதுகெலும்பைக் கட்டி அரிக்கும் இடத்திலிருந்து மெல்லிய நரம்பிழைகள் சேதியைத் தண்டுவடத்தின் பின்பக்கத்துக்குக் கொண்டுவருகின்றன. அங்கே அந்த இழை முடிந்து, அடுத்த நரம்பணு தொடங்குகிறது. நடுவில் நூலிழை இடைவெளி. முதல் இழை ஒரு ரசாயனத்தைக் கொட்டும், அடுத்தது அதைப் பிடித்து மூளைக்கு ஏற்றும். மார்ஃபின் இந்த இடத்தில் இரண்டு காரியம் செய்கிறது. கொட்டுகிற முனையில் கால்சியம் நுழையும் வாசலைச் சாத்துகிறது. கால்சியம் நுழையாவிட்டால் ரசாயனம் கொட்டாது. வாங்குகிற முனையில் பொட்டாசியம் வெளியேறும் வாசலைத் திறந்துவிடுகிறது. அந்த அணு லேசில் தூண்டப்படாமல் மந்தமாகிவிடும். பேசுகிறவன் வாயைப் பொத்தி, கேட்கிறவன் காதையும் அடைத்த மாதிரி. இது போக, நடுமூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கிவந்து வலியை அடக்கும் ஒரு பாதை இயல்பாகவே நமக்கு இருக்கிறது, அதையும் முடுக்கிவிடுகிறது.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதைப் புத்தகத்தைவிட நோயாளிகள் நன்றாகச் சொல்வார்கள். தாடையில் புண்ணோடு வந்த ஒரு நெசவாளி, மார்ஃபின் ஆரம்பித்த மூன்றாம் நாள் சொன்னார்: "வலி இருக்கு சார். ஆனா அது பாட்டுக்கு ஒரு பக்கம் இருக்கு, நான் பாட்டுக்கு ஒரு பக்கம் இருக்கேன்." வலியின் அளவை உணரும் மூளைப் பகுதி வேறு, வலியால் படும் பாட்டை உணரும் பகுதி வேறு. மார்ஃபின் இரண்டாவதில் கெட்டிக்காரத்தனமாக வேலை செய்யும். அன்று அவர் பல மாதங்களுக்குப் பிறகு பேப்பர் படித்ததாகச் சொன்னார்.

ஆனால் இதே ஏற்பி வேறு இடங்களிலும் இருப்பதால் வருகிற தொல்லைகளும் உண்டு. குடலில் நிறைய இருக்கிறது. அங்கே மார்ஃபின் உட்கார்ந்தால் குடலின் அசைவு நின்றுபோகும், நீர் உறிஞ்சப்பட்டு மலம் கல்லாகும். பேதியை நிறுத்தப் போடுகிற லோபரமைடுகூட இந்தக் குடும்பம்தான். மூளைக்குள் தங்க முடியாததால் குடலோடு நின்றுவிடுகிறது. மற்ற பக்கவிளைவுகளுக்கு உடம்பு பழகிக்கொள்ளும், மலச்சிக்கலுக்கு மட்டும் பழகவே பழகாது. உங்கள் சீட்டில் மார்ஃபினுக்குக் கீழே பிசகோடில் மாதிரி ஒரு மலமிளக்கி எழுதியிருக்கும் பாருங்கள். அது "தேவைப்பட்டால்" போடுகிற மாத்திரை இல்லை. முதல் நாளிலிருந்தே தினமும். மார்ஃபினை நிறுத்திவிட்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் போதைக்குப் பயந்து நிறுத்தியதில்லை, வயிறு கட்டிக்கொண்டுதான் நிறுத்தியிருப்பார்கள். அப்புறம் குமட்டல், முதல் சில நாள். தூக்கக் கலக்கம், இரண்டு மூன்று நாள். அதில் பாதி மருந்தின் தூக்கமே இல்லை, மாதக்கணக்கில் தூங்காதவர் தூங்குகிற தூக்கம்.

மூச்சு விஷயம் பொய்யில்லை. மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் மூச்சைத் தாளம் தவறாமல் ஓட்டும் நரம்பணுக்களிலும் இந்த ஏற்பி இருக்கிறது, அளவு மீறினால் மூச்சு மெதுவாகி நிற்கும். அமெரிக்காவில் போதைக்குப் போட்டவர்கள் செத்ததெல்லாம் இப்படித்தான். ஆனால் சிறிய அளவில் வாய்வழி ஆரம்பித்துப் படிப்படியாக ஏற்றும்போது மூச்சு திடீரென்று நிற்பதில்லை. அதற்கு முன்னால் ஆள் மசங்குவார், பேச்சு நடுவில் கண் சொருகும், தட்டி எழுப்பினாலும் சரியாக எழமாட்டார், கண்மணி குண்டூசி முனையாகச் சுருங்கியிருக்கும். எழுப்பினால் எழாத தூக்கம்தான் எச்சரிக்கை மணி. அப்போது அடுத்த வேளையைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே நலாக்சோன் இருக்கும். அதன் வீரியம் மார்ஃபினுக்கு முன்பே தீர்ந்துவிடுவதால், ஒரு ஊசியில் கண் விழித்தார் என்று வீட்டுக்குக் கூட்டிவந்துவிடக் கூடாது. தூக்க மாத்திரை, சாராயம் இரண்டில் எதையும் இதோடு சேர்க்காதீர்கள். தூக்கம் வரவில்லை என்று வீட்டில் பழைய அல்பிரசோலம் எடுத்துக் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சீட்டை எனக்கு எழுதியிருந்தீர்கள்: 10 மி.கி. மாத்திரையில் பாதி, காலை 6, 10, மதியம் 2, மாலை 6, ராத்திரி 10-க்கு மட்டும் முழு மாத்திரை. நல்ல சீட்டு அது. சாதாரண மார்ஃபின் மாத்திரை அரை மணி, ஒரு மணியில் வேலையைத் தொடங்கி நாலு மணி நேரம் தாங்கும். ராத்திரி 2 மணிக்கு எழுப்ப வேண்டாம் என்பதற்காகத்தான் படுக்கும்போது இரட்டிப்பு. இங்கேதான் நம் வீடுகளில் தப்பு நடக்கும். "வலி வந்தா போட்டுக்கலாம், இல்லன்னா வேண்டாமே" என்பார்கள். வலி முழுசாக ஏறிய பிறகு அடக்குவதற்குக் கூடுதல் மருந்து வேண்டும். அதற்குள் அவர் ஒரு மணி நேரம் துடித்திருப்பார். கடிகாரத்தைப் பார்த்துக் கொடுங்கள், அவர் முகத்தைப் பார்த்து இல்லை. நடுவில் வலி எகிறினால் போட ஒரு கூடுதல் வேளை சொல்லியிருப்பார்கள், வழக்கமாக ஒரு நாள் மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு. உங்கள் அப்பாவுக்கு 30-இல் ஆறில் ஒன்று, அதே அரை மாத்திரை. அந்தக் கூடுதல் வேளைகளை ஒரு தாளில் குறித்து வையுங்கள். அடுத்த முறை டாக்டர் அளவை ஏற்றுவது அந்தத் தாளைப் பார்த்துத்தான்.

அப்பா விஷயத்தில் நான் கவலைப்படும் ஒன்றை நீங்கள் கேட்கவே இல்லை: சிறுநீரகம். மார்ஃபினைக் கல்லீரல் மாற்றும்போது வரும் பொருள் ஒன்று மார்ஃபினைவிட வீரியமானது, சிறுநீர் வழியாகத்தான் வெளியேற வேண்டும். புராஸ்டேட் கட்டி சிறுநீர்ப் பாதையை அடைத்தால் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று ரத்தத்தில் பார்க்கும் அளவு) ஏறும், அந்தப் பொருள் தேங்கும், நேற்றுவரை சரியாக இருந்த அளவு இன்று அதிகமாகிவிடும். உட்கார்ந்திருக்கும்போதே கை கால் தூக்கிப் போடுவது, இல்லாத ஆளோடு பேசுவது எல்லாம் இதற்கு அடையாளம். அப்போது மருந்தை மாற்ற வேண்டியிருக்கும். அதே குடும்பத்து ஃபென்டனில் பட்டை ஒரு வழி. தோலில் ஒட்டினால் மூன்று நாள் வேலை செய்யும், ஆனால் தொடங்கவே அரை நாளுக்கு மேல் ஆகும், அதன் மேல் வெந்நீர் ஒத்தடம் வைத்தால் மருந்து அளவுக்கு மேல் உள்ளே இறங்கிவிடும். மார்ஃபின் ஆரம்பிப்பது பத்து நாள் தள்ளிப்போனதால், முதல் மாத்திரைக்கு முன் புதிய கிரியாட்டினின் ஒன்று பார்த்துவிடுவது நல்லது.

அடிமை என்ற சொல்லுக்கு வருவோம். மூன்று வேறு விஷயங்களை ஒரே சொல்லில் போட்டு அடைத்திருக்கிறோம். நாள்பட அதே அளவு பத்தாமல் போவது ஒன்று. திடீரென்று நிறுத்தினால் கொட்டாவி, மூக்கொழுகல், வியர்வை, பேதி என்று உடம்பு முரண்டு பிடிப்பது இன்னொன்று. இவை இரண்டும் மருந்துக்கு உடம்பு பழகியதன் கணக்கு. பிரஷர் மாத்திரை சிலவற்றைத் திடீரென்று நிறுத்தினாலும் உடம்பு இப்படி எகிறும். மூன்றாவதுதான் அடிமைத்தனம்: கெடுதல் என்று தெரிந்தும் மனசு அதையே தேடி அலைவது. புற்றுநோய் வலிக்கு வேளை தவறாமல் வாய்வழி எடுப்பவரிடம் அது வரவே வராது என்று சொல்லமாட்டேன், குறைவு. முன்பு குடிப்பழக்கமோ வேறு போதைப் பழக்கமோ இருந்திருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள், அவர் கவனமாகக் கொடுப்பார். கதிர்வீச்சு கொடுத்து வலி குறைந்தால் மார்ஃபினைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தவும் முடியும். எலும்புக்குப் பரவிய வலிக்கு 8 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவில் ஒரே ஒரு முறை கொடுக்கும் கதிர்வீச்சே பலருக்குப் போதும். இதைக் கேட்டுப் பாருங்கள், சில இடங்களில் தானாகச் சொல்வதில்லை.

"கடைசி மருந்து" என்ற பேர் எப்படி வந்தது? இதில் நம் சட்டத்துக்கும் பங்கு உண்டு. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் உரிமம் வாங்கி அபின் பயிரிடுகிறார்கள். காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசுத் தொழிற்சாலைகள் அதைப் பதப்படுத்தி வெளிநாட்டுக்கும் அனுப்புகின்றன. உலகத்துக்கு வலிமருந்து விளைவித்துக் கொடுத்த நாடு. ஆனால் 1985-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்ததும், ஒரு மருந்துக்குப் பல உரிமங்கள், ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு அலுவலகம், கணக்கில் பிசகினால் பத்து வருடச் சிறை என்று ஆனது. மருத்துவமனைகள் மார்ஃபின் வைப்பதையே விட்டுவிட்டன. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் நாட்டின் மார்ஃபின் பயன்பாடு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே சரிந்தது. ஒரு தலைமுறை டாக்டர்கள் மார்ஃபின் மாத்திரையைக் கண்ணால் பார்க்காமலே படித்து வெளியே வந்தார்கள். அப்புறம் யாருக்குக் கொடுப்பார்கள்? இனி ஒன்றும் இல்லை என்று ஆனவருக்கு, கடைசி வாரத்தில். பார்த்த சொந்தக்காரர்கள் மருந்துதான் முடித்துவிட்டது என்று நினைத்தார்கள். கோழிக்கோட்டில் 1993-இல் டாக்டர் ராஜகோபால் போன்றவர்கள் வலி தணிப்பு மையம் தொடங்கி, சட்டத்தோடும் மல்லுக்கட்டி, 2014-இல் திருத்தம் வரும்வரை விடவில்லை. இப்போது மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி அங்கீகரித்த மருத்துவமனை ஒரே அனுமதியில் வாங்கி வைக்கலாம். தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்திலும் வீட்டுக்கே வந்து பார்க்கும் நோய்த் தணிப்புச் சேவை இருக்கிறது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள், அப்பாவைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம்.

இதற்கு நேர் எதிர்க் கதை அமெரிக்காவினுடையது. 1996-இல் பர்டூ என்ற மருந்து நிறுவனம் ஆக்சிகான்டின் என்ற அபின் வகை மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்து, முதுகுவலி, மூட்டுவலி எல்லாவற்றுக்கும் எழுதுங்கள், அடிமையாவது மிக அரிது என்று டாக்டர்களை நம்பவைத்தது. அப்படிச் சொல்ல அந்தக் காலத்தில் பலரும் கைகாட்டிய ஆதாரங்களில் ஒன்று, 1980-இல் ஒரு மருத்துவ இதழில் வந்த ஒரே பத்திக் கடிதம். மருத்துவமனையில் படுத்திருந்தபோது இம்மருந்து பெற்ற 11,882 பேரில் நாலு பேர்தான் அடிமையானார்கள் என்பது அதன் சாரம். படுக்கையில் நாலு நாள் மருந்து வாங்கியவரை வைத்து, வீட்டில் நாலு வருடம் போடுகிறவருக்குக் கணக்குச் சொன்னார்கள். 2007-இல் பர்டூ குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியது. அதற்குள் நோயாளிகள் பலர் மாத்திரையிலிருந்து ஹெராயினுக்கும், பிறகு கள்ள ஃபென்டனிலுக்கும் போயிருந்தார்கள். 2021-இல் அந்த நாட்டில் மருந்து மிகையால் இறந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

உங்கள் அம்மா நிற்பது இந்தக் கதையின் தொடக்கப் பக்கத்தில். டிரமடால் லேசான மருந்து என்று ஒரு பேச்சு உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அது பாதி அபின் வகை, பாதி மனச்சோர்வு மருந்து வகை. கல்லீரலில் மாறிய பிறகுதான் அதன் அபின் பக்கம் முழு வேலை செய்யும். அந்த மாற்றம் சிலருக்கு மிக வேகம், சிலருக்கு நடப்பதே இல்லை. அதனால் ஒரே மாத்திரை ஒருவருக்குத் தண்ணீர், இன்னொருவருக்குச் சாட்டை. வலிப்பு வரலாம். மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ எஸிட்டலோபிராம் போன்றவை போடுகிறவர்களுக்கு இரண்டும் சேர்ந்து காய்ச்சல், நடுக்கம், படபடப்பு என்று ஆபத்தாகலாம். வயதானவர் தலைசுற்றி விழுந்தால் மூட்டுவலி போய் இடுப்பு முறிவு வரும். இத்தனையும் தாங்கிக்கொண்டு பலன் என்ன? மூட்டுத் தேய்மானத்துக்கு டிரமடால் பற்றிய ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்த 2019-ஆம் வருடத்து காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் அமைப்பு) அறிக்கை, சராசரி வலியிலும் நடமாட்டத்திலும் குறிப்பிடும்படியான பலன் அநேகமாக இல்லை என்றது. காரணமும் விளங்குகிறதே. அப்பாவின் வலி, தண்டுவட வாசலில் நாளுக்கு நாள் புதிதாக வந்து மோதுகிற சேதி. அம்மாவின் வலி வருடக்கணக்கில் இருக்கப்போவது. அதற்குள் ஏற்பி பழகிவிடும், மருந்து தீரும் நேரத்தில் வரும் குடைச்சலையே மூட்டுவலி என்று நினைத்து அடுத்ததைப் போடுவார். சிலருக்கு இந்த மருந்தே வலியின் கூர்மையைக் கூட்டுவதும் உண்டு.

2018-இலிருந்து டிரமடாலும் அதே போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்துவிட்டது, சீட்டில்லாமல் விற்பது குற்றம். அந்தக் கடைக்காரர் அம்மாவுக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருப்பார்.

ஆனால் இதைப் படித்துவிட்டு நாளைக்கே அம்மாவின் அட்டையைப் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். இரண்டு வருடப் பழக்கம். ஒரேயடியாக நிறுத்தினால் நான் மேலே சொன்ன கொட்டாவி, வியர்வை, பேதி எல்லாம் வரும், அவரும் பயந்து இரட்டிப்பாகப் போடுவார். டாக்டரிடம் காட்டி வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். கூடவே தொடைத் தசைக்கு உடற்பயிற்சி (நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிப் பத்து எண்ணுவதுதான், ஒன்றும் பெரிய வித்தையில்லை), மூட்டின் மேல் தடவும் டைக்ளோஃபெனாக் களிம்பு, முடிந்தால் நாலைந்து கிலோ எடைக் குறைப்பு. அதற்கும் மேல் என்றால் மூட்டு மாற்று பற்றிப் பேசலாம்.

அப்பாவின் அட்டையை ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். வலிமாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றும் பையன்களைப் பற்றிச் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். வீட்டுக்கு வந்து போகிற எல்லோரையும் உங்களுக்குத் தெரியாது. மிஞ்சியதை அதே மருத்துவமனையில் திருப்பிக் கொடுங்கள்.

அவருக்குக் காலில் புதிதாகப் பலக்குறைவோ, இடுப்புக்குக் கீழே மரப்போ, சிறுநீர் கட்டிக்கொள்வதோ வந்தால் அதை மார்ஃபின் மேல் பழி போட்டுக் காத்திருக்க வேண்டாம். மார்ஃபினும் சிறுநீரைக் கட்டும்தான். ஆனால் முதுகெலும்புக் கட்டி தண்டுவடத்தை நெரித்தாலும் இப்படித்தான் தொடங்கும், மணிக்கணக்கில் பார்க்க வேண்டிய அவசரம் அது. அன்றைக்கே கூட்டிப்போங்கள்.

கிரியாட்டினின் வந்ததும் அதை டாக்டரிடம் சொல்லிவிட்டு, சரி என்றால் காலை 6 மணி வேளையிலிருந்து தொடங்குங்கள். நாலைந்து நாள் கழித்து எழுதுங்கள். வலி பத்துக்கு எத்தனை என்று நான் கேட்கப்போவதில்லை. நாற்காலியை விட்டுக் கட்டிலில் படுத்தாரா என்று மட்டும் சொல்லுங்கள்.